வேர்க்குரு என்று சொன்ன நாள்

பெரியவளே, சின்னவனே, இரண்டு பேரும் என் மேல் கோபமாக இருக்கிறீர்கள் என்று தெரியும். சின்னவனை நான்கு நாளாக ஓர் அறைக்குள் வைத்திருக்கிறேன். பெரியவளைத் தோழி வீட்டுப் பிறந்தநாளுக்கு அனுப்பவில்லை. வாசலில் வேப்பிலை கட்டியதோடு நிறுத்தாமல், ஓர் அட்டையில் 'இங்கே அம்மை இருக்கிறது, உள்ளே வர வேண்டாம்' என்று கொட்டை எழுத்தில் எழுதித் தொங்கவிட்டிருக்கிறேன். தெரு முழுக்கப் படித்துவிட்டுப் போகிறது என்று உங்கள் அம்மாவுக்கும் வருத்தம். மாடியில் குடியிருக்கிற பெண் மாசமாக இருக்கிறாள் அல்லவா, அவளுக்கு முதல் நாளே போன் போட்டுச் சொல்லிவிட்டேன். அவள் டாக்டரிடம் கேட்டுக்கொண்டு அன்றைக்கே தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். "அப்பா எல்லாத்தையும் ஊருக்குச் சொல்லிடுறாரு" என்று பெரியவள் சமையலறையில் சொன்னது என் காதில் விழுந்தது.

சொல்வேன். எனக்கும் கோபம் இருக்கிறது. அது உங்கள் மேல் இல்லை. முப்பது வருடமாக உள்ளே கிடந்து புழுங்குகிற கோபம். அதை இந்த ரஃப் நோட்டில் எழுதி வைக்கிறேன். நான் எட்டாவதோடு நின்றவன். தப்பும் தவறுமாக இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

எனக்கு அப்போது பத்து வயது. சின்ன காஞ்சிபுரத்தில் இதே தெருவில், இப்போது நாம் இருக்கிற இதே வீட்டில்தான் இருந்தோம். இன்றைக்குச் சின்னவன் படுத்திருக்கிற அறைதான் அன்றைக்குத் தறி அறை. தரையில் பள்ளம் தோண்டி, அதில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்து அப்பா பட்டு நெய்வார். முன்கூடம் பெரியது. அந்தக் கூடத்தில்தான் என் அத்தைக்கு வளைகாப்பு வைத்திருந்தார்கள்.

அத்தை என்றால் என் அப்பாவின் தங்கை. நீங்கள் தாமல் ஆயா என்று கூப்பிடுகிறவர். அன்றைக்கு அவள் ஆயா இல்லை. இருபத்தேழு வயதுப் பெண். தாமலில் கட்டிக்கொடுத்து ஏழு வருடம் பிள்ளையில்லாமல் இருந்து, அப்போதுதான் வயிற்றில் தங்கியிருந்தது. ஒன்பதாம் மாதம். அந்த ஏழு வருடத்தில் மாமியார் வீட்டில் அவள் என்னென்ன கேட்டிருப்பாள் என்பதை நான் எழுத வேண்டாம். தாய்வீட்டுக்கு வந்தால் என்னைத்தான் மடியில் போட்டுக்கொள்வாள். பத்து வயதுக் கழுதையாகியும் நான் அவள் மடியில் தலையை வைத்துப் படுப்பேன்.

பங்குனி வெயில். வளைகாப்புக்கு மூன்று நாள் முன்னால் எனக்கு ஜுரம் வந்தது. மறுநாள் நெஞ்சில் இரண்டு, முதுகில் நாலு என்று சிவப்பாகக் கிளம்பி, சாயங்காலத்துக்குள் ஒவ்வொன்றின் தலையிலும் நீர் கோத்துக்கொண்டது. அம்மா பார்த்ததும் கையைக் கூப்பிவிட்டாள். நம் ஊரில் அதை வியாதி என்று சொல்லமாட்டார்கள். அம்மா வந்திருக்கிறாள் என்றுதான் சொல்வார்கள். அடுப்பில் தாளிப்பு நின்றது. எனக்குக் குளியல் கிடையாது. நகம் வெட்டக்கூடாது. என் அம்மா ஓடிப்போய் வேப்பங்கொத்து ஒடித்து வந்து வாசல் நிலையில் செருகினாள்.

அரை மணி நேரம்கூட அது அங்கே இருக்கவில்லை.

அடுத்த தெருவில் இருந்த பெரியப்பா, அப்பாவின் அண்ணன், வளைகாப்புக்குப் பாத்திரம் சொல்லிவிட்டு வந்தவர், வாசலில் வேப்பிலையைப் பார்த்தார்.  கையை உயர்த்தி உருவி, வேட்டி மடிப்பில் வைத்துக்கொண்டு உள்ளே வந்தார். நான் கூடத்தில் பாயில் படுத்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இன்னாப்பா இது, நாளான்னிக்கு விசேஷத்த வச்சிக்கினு?" என்றார் அப்பாவிடம்.

"அம்மா வந்துட்டாண்ணா. இன்னா பண்றது?"

"வந்தா வந்துட்டுப் போறா. வாசல்ல கட்டித் தொங்கவுடணுமா? தாமல்காரங்க வாயி எப்பேர்ப்பட்ட வாயின்னு தெரியுமில்ல. ஏழு வருசம் பேசனாங்க. இப்ப வளைகாப்பு நின்னுபோச்சுன்னா இன்னா சொல்வாங்க? இவ வயித்துல நின்னதே தப்புன்னு சொல்லுவாங்க."

"பேசாம உங்க வீட்ல வச்சிக்கலாமா?"

"என் வீட்ல ரெண்டு தறி நிக்கிது. எழுவது பேரு என் தலை மேலயா உக்காருவாங்க?"

என் அம்மா சமையலறை வாசலில் நின்று, "அந்தப் பொண்ணுகிட்ட ஒரு வார்த்த சொல்லிடலாங்க. மாசமா இருக்கிற பொண்ணு" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். பெரியப்பா திரும்பிப் பார்த்தார். "நீ போயி புளி கரைம்மா" என்றார். அவள் போய்ப் புளி கரைத்தாள்.

பிறகு அவர்கள் செய்ததைச் சொல்கிறேன். இன்று நினைத்தாலும் எனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றும். அப்பா குளித்துவிட்டு வந்தார். ஒரு மஞ்சள் துணியில் காசு முடிந்து, சுவரில் இருந்த அம்மன் படத்தில் மாட்டினார். கன்னத்தில் போட்டுக்கொண்டார். "தாயே, நாளான்னிக்கு ஒரு நாளு மட்டும் உள்ள இரு. யார் கண்ணுலயும் படாத. விசேஷம் நல்லபடியா முடியட்டும். ஆடியில உனக்குக் கூழு ஊத்துறோம்" என்றார். அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. அதில் பொய் இல்லை. மனதார வேண்டிக்கொண்டார். அம்மனிடம் அவ்வளவு பணிவாக அனுமதி கேட்ட மனுஷர், சொந்தத் தங்கையிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று நினைக்கவில்லை. சாமி ஒப்புக்கொண்டுவிட்டது என்று அவராகவே முடிவுசெய்துகொண்டார்.

என்னைத் தறி அறைக்கு மாற்றினார்கள். தறியைப் பழைய வேட்டி போட்டு மூடினார்கள். பக்கத்தில் பாய், ஒரு சொம்பு தண்ணீர். "சத்தம் வரக்கூடாது. யாராச்சும் கேட்டா நீ திருப்புட்குழி மாமா வீட்டுக்குப் போயிருக்கிற" என்றார் பெரியப்பா. "அத்த கேட்டா?" என்றேன். "அத்த கேட்டாலும்தான்."

விசேஷ நாள் காலையில் என் உடம்பில் விரல் வைக்க இடமில்லை. காதுக்குள், தலை முடிக்குள், வாய்க்குள் மேலண்ணத்தில்கூட. அரிப்பு என்றால் அப்படி ஓர் அரிப்பு. நகம் வேறு நீளமாக, அழுக்காக. நெற்றியோரத்தில் ஒன்றைப் பிய்த்தேன், அது சீழ் வைத்தது. என் நெற்றியில் இருக்கிற குழியைச் சின்னவன் விரல் விட்டுப் பார்ப்பானே, அதுதான். சின்னவனே, உன் நகத்தை நான் ஒட்ட வெட்டியதற்கு நீ ஊரைக் கூட்டி அழுதாய். தினமும் வெதுவெதுப்பான தண்ணீரில் குளிப்பாட்டுகிறேன், தேய்க்காமல் ஒற்றித் துடைக்கிறேன், டாக்டர் கொடுத்த ரோஸ் நிற மருந்தைப் பஞ்சால் தடவுகிறேன். என் தாய் தகப்பனுக்குத் தெரிந்திருந்தால் எனக்கும் செய்திருப்பார்கள். அதில் எனக்குக் கோபமில்லை. தெரியாததற்குக் கோபப்படக்கூடாது. தெரிந்ததை மறைத்ததற்குத்தான்.

கூடத்தில் ஆள் நிறைந்தது. கதவிடுக்கில் சந்தன வாசம் வந்தது. எலுமிச்சை சாதம், புளி சாதம், தேங்காய் சாதம் என்று யாரோ வரிசையாகச் சொல்லிக்கொண்டு போனார்கள். எனக்குக் காலையில் மோரும் சாதமும். வளையல் அடுக்குகிற சத்தம் கேட்டது. அப்புறம் அத்தையின் குரல்.

"எங்கண்ணா அவன்? காலையிலருந்து தேடிக்கினு இருக்கிறேன்."

"திருப்புட்குழிக்குப் போயிட்டாம்மா. அவங்க மாமா வந்து கூட்டிக்கினு போயிட்டாரு" என்றார் அப்பா.

"இன்னிக்கா? என் விசேஷத்த வுட்டுட்டா? நல்ல பையன்தான். வரட்டும், காத அறுக்கிறேன்."

எல்லோரும் சிரித்தார்கள். நான் உள்ளே எரிந்தேன். கொப்புளத்தைவிட அதுதான் எரிந்தது. நான் அவளை விட்டுவிட்டுப் போய்விட்டேன் என்று அவள் நினைக்கிறாள். நான் பத்தடி தூரத்தில் இருக்கிறேன். புளி சாதம் வேறு. எல்லாம் சேர்ந்து கோபம் மண்டைக்கு ஏறியது. சத்தம் வரக்கூடாது என்று பெரியப்பா சொன்னது வாய்ச் சத்தத்தைத்தான் என்று எனக்கு நானே சட்டம் எழுதிக்கொண்டேன். தறிப் பள்ளத்தில் இறங்கி, வேட்டியை இழுத்துப் போட்டுவிட்டு, மிதியை ஓங்கி மிதித்தேன். தறி தடக்கென்று ஒரு சத்தம் போட்டது. இன்னொரு முறை மிதித்தேன். இன்னொரு முறை.

விசேஷ வீட்டில் தறி ஓடாது. கூடம் அப்படியே அடங்கிப்போனது.

"யாரது உள்ள? மிதிக்கவே தெரியாத ஆளா இருக்குது?" என்றாள் அத்தை. அவள் அந்தத் தறியில் வளர்ந்தவள். கல்யாணம் ஆகிறவரை அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, புடவைக் கரைக்கு நூல் ஓட்டுகிற நாடாவைப் போட்டவள். மிதி சத்தத்திலேயே ஆளைச் சொல்லுவாள்.

"எலிம்மா" என்றார் பெரியப்பா.

"எலிக்குக் காலு இவ்ளோ கனமா இருக்குமாண்ணா?"

கை நிறைய வளையல் குலுங்க அவள் எழுந்து வருகிற சத்தம் கேட்டது. "வேணாம்மா, உக்காரு, மணையிலருந்து எழுந்திருக்கக் கூடாது" என்று அப்பா பின்னாலேயே வந்தார். தாழ்ப்பாள் திறந்தது.

கன்னத்தில் சந்தனம், கழுத்தில் மாலை, அவ்வளவு பெரிய வயிறு. அவளைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் வாசலிலேயே நின்று, அறையின் அரை இருட்டில் என் மூஞ்சியைப் பார்த்தாள். சிரிப்பு போய்விட்டது.

"இது இன்னாடா, மூஞ்சியெல்லாம்?"

நான் அவளுக்குப் பின்னால் பார்த்தேன். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். பெரியப்பா குனியவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

இந்த இடத்தை நான் எத்தனையோ முறை மனதுக்குள் திருத்தி எழுதியிருக்கிறேன். அந்தக் கணத்தில் எனக்கு நடந்தது இதுதான்: பெரியப்பாவுக்குப் பயந்தேன். ஆனால் பயம் பாதிதான். அம்மை என்று சொன்னால் அத்தை கதவோடு திரும்பிவிடுவாள். இரண்டு நாளாக என்னை யாரும் தொடவில்லை. அவள் உள்ளே வர வேண்டும்.

"வேர்க்குரு" என்றேன்.

"டாக்டரு காத்தாட இருக்கச் சொன்னாரும்மா" என்றார் பெரியப்பா உடனே.

"காத்தாடவா? இந்தப் பொந்துலயா? இதுக்கா திருப்புட்குழின்னு கத வுட்டீங்க? நல்லா இருக்குது உங்க வைத்தியம்" என்று சொல்லிக்கொண்டே அவள் உள்ளே வந்து, கஷ்டப்பட்டு உட்கார்ந்து, என்னை இழுத்து மடியில் சாய்த்துக்கொண்டாள். உள்ளங்கையால் முதுகை மெல்லத் தடவினாள். அரிக்கிற இடத்தில் வளையல் சில்லென்று பட்டது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. வெளியே ஆரத்தி எடுக்கக் கூப்பிடுகிறவரை. நான் சுகமாகக் கண்ணை மூடிக்கொண்டேன். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

பிரசவம் வரைக்கும் அவள் பெரியப்பா வீட்டில் இருக்கட்டும் என்று முடிவானது. டாக்டர் வீடு அங்கிருந்து பக்கம் என்று காரணம் சொன்னார்கள். பதினைந்து நாள் கழித்து அவளுக்குக் காய்ச்சல் அடித்தது. அடுத்த நாள் உடம்பெல்லாம் கொப்புளம். பெரியவர்களுக்கு வந்தால் அது விளையாட்டில்லை, மூச்சை அடைக்கும். ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். சேர்த்த இரண்டாம் நாள் பிள்ளை பிறந்தது. பெண் பிள்ளை. தாயிடமிருந்து அதற்கும் போயிருந்தது. பிறந்த எட்டாம் நாள் அந்தச் சின்ன உடம்பில் கொப்புளம் கிளம்பியது.

அந்த வாரத்தில் ஒரு நாள், சாப்பாட்டுக் கேரியரைத் தூக்கிக்கொண்டு அப்பாவோடு நானும் போனேன். எனக்கு முழுக்க ஆறிவிட்டது. மூஞ்சியில் பழுப்புப் பழுப்பாகப் புள்ளிகள் மட்டும் நின்றன. வார்டு வாசலில் பெரியப்பாவும், அத்தையின் வீட்டுக்காரரான மாமாவும் நின்றிருந்தார்கள். ஒரு நர்ஸ் வெளியே வந்தார். தூங்கி எத்தனை நாள் ஆனதோ, கண்கள் சிவந்திருந்தன.

"அந்தம்மாவுக்கு யார்கிட்டருந்து வந்துது? வீட்ல யாருக்காவது இருந்துதா?"

"எங்க வீட்ல யாருக்கும் இல்லம்மா" என்றார் பெரியப்பா. "வளைகாப்புக்குத் தாமல்லருந்து ஒரு கூட்டமே வந்துது. அதுல யாரோ கொண்டாந்துட்டாங்க."

மாமா சுவரில் சாய்ந்துகொண்டார். தன் ஊர்க்காரர்கள்மேல் பழி விழுகிறது, அதற்குக்கூட எதிர்த்துப் பேசத் தெம்பில்லை. நர்ஸ் போகத் திரும்பியவர், கேரியரோடு நின்ற என்னைப் பார்த்தார். கிட்டே வந்தார். முகவாயைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினார்.

"இவன் யாரு?"

"தம்பி பையன். அது வேர்க்குரு" என்றார் பெரியப்பா.

"வேர்க்குருவு இப்பிடி வடு போடுமா? எனக்கே சொல்லித் தர்றியா?" என்றவர் என்னிடம் கேட்டார். "உனக்கு எப்ப வந்துது?"

"அத்த வளைகாப்புக்கு முன்னாடி" என்றேன்.

அவர் விரலை மடித்து நாளை எண்ணினார். எண்ணி முடித்ததும் குரல் உயரவில்லை, தணிந்தது. அதுதான் பயமாக இருந்தது. "சாமின்னு கும்புடுங்க. யாரு வேணாங்கிறது? வாசல்ல வேப்பில கட்டுறது எதுக்கு? உள்ள வராதீங்கன்னு சொல்றதுக்குத்தான? மாசமா இருக்கிறவங்க, கைக்குழந்த வச்சிக்கினு இருக்கிறவங்க தள்ளிப் போவணும்னுதான? அது ஒண்ணுதான் உங்ககிட்ட இருந்த நல்ல பழக்கம். அதையும் அவுத்து எறிஞ்சீங்களா? அந்தம்மா இந்தப் பையன் பக்கத்துல வந்துட்டுப் போன அன்னைக்கே ஓடியாந்து சொல்லியிருக்கலாமே. எதுனா செஞ்சி பாத்திருப்போமே. பதினஞ்சு நாளு வாய மூடிக்கினு இருந்திருக்கிறீங்களே."

மாமா அப்பாவைப் பார்த்தார். "மச்சான், உங்க வீட்லயா?" என்று மட்டும் கேட்டார்.

அப்பா கேரியரை என் கையிலிருந்து வாங்கி, கீழே வைத்து, மறுபடி எடுத்து, மறுபடி வைத்தார்.  திரும்பிப் போகும்போது ஆஸ்பத்திரி வாசலில் பெரியப்பா என் காதைப் பிடித்துத் திருகினார். "கேட்டா தெரியாதுன்னு சொல்லத் தெரியாதா?" அப்பா பார்த்துக்கொண்டே நடந்தார்.

பதின்மூன்றாம் நாள் பிள்ளை போய்விட்டது. பெயர் வைத்திருக்கவில்லை. தாமல் மாமா என்று நீங்கள் கூப்பிடுகிறீர்களே, அத்தையின் பிள்ளை, அவர் இரண்டு வருடம் கழித்துப் பிறந்தவர். அவருக்கு முன்னால் ஓர் அக்கா இருந்தாள். இதை உங்களுக்கு யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள். எங்கள் குடும்பத்தில் யாரும் யாருக்கும் சொல்வதில்லை.

அத்தை பிழைத்துக்கொண்டாள். எங்கள் வாசலை மிதிக்க அவளுக்கு நான்கு வருடம் ஆனது. வந்தபோதும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. நான் வளர்ந்து மீசை முளைத்த பிறகு, "அத்த, அன்னைக்கு நான்தான் பொய் சொன்னேன்" என்றேன். "நீ பத்து வயசுப் பையன்டா" என்றாள். "உங்கப்பனுக்கு வயசு முப்பத்தஞ்சு" என்றாள்.  அவள் கோபத்தை அவள் எங்கே வைத்திருக்கிறாளோ எனக்குத் தெரியாது. என்னுடையதை நான் வாசலில் அட்டை எழுதித் தொங்கவிட்டிருக்கிறேன்.

அந்த வருடம் ஆடியில் சொன்னபடி கூழ் ஊற்றினார்கள். தெருமுனை அம்மன் கோயிலில் இரண்டு பெரிய பானை. பெரியப்பாதான் முன்னால் நின்று மொண்டு மொண்டு ஊற்றினார். அவ்வளவு நடந்தும் வேண்டுதலைத் தவறவிடவில்லை பார் என்று தெருவே அவரைப் பாராட்டியது. குழந்தையைப் பற்றிப் பேச்சு வந்தபோது, "ஆத்தா குடுத்தா, ஆத்தாவே எடுத்துக்கினா. நம்ம கையில இன்னா இருக்குது?" என்றார். அப்பா தலையாட்டினார். சுற்றி நின்றவர்கள் எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

பத்து வயதில் பெரியவர்கள் சொன்னதை நான் அப்படியே நம்பினேன். யார் எடுத்தது என்று தெரிந்துவிட்டது. அத்தையின் பிள்ளையை எடுத்துக்கொண்டது யாரோ, அவள்மேல்தான் எனக்குக் கோபம் வர வேண்டும். வந்தது.

மறுநாள் மத்தியானம் வெயிலில் தெருவில் ஒரு ஆள் இல்லை. கோயில் நடை சாத்தியிருந்தது. கம்பிக் கதவுக்கு உள்ளே இருட்டில் அவள் பாவாடையின் சிவப்பு மட்டும் தெரிந்தது. நான் செருப்பைக் கழற்றவில்லை. கை கூப்பவில்லை. கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "இனிமே எங்க வீட்டுக்கு வராத" என்று அவளிடம் சொன்னேன். பதில் வருமா என்று கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, வீட்டுக்கு நடந்தேன்.